முதலாண்டு ஓ.எம்.எம். லேப்: விரலை எங்கிருந்து பழக்குவது?

எட்டாவதுடேபிள் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதிக் மருத்துவப் பட்டம்) படிப்பவர்களும், முடித்து ப்ராக்டிஸில் இருப்பவர்களும், பாடம் எடுப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் இந்தக் கேள்வி.

ஆகஸ்டில் இருந்து முதலாண்டு ஓ.எம்.எம். (கையால் தொட்டு நோயறிந்து கையாலேயே சிகிச்சை செய்யும் பாடம்) லேபில் டேபிள் ட்ரெய்னர் வேலை. வாரம் ஒரு லேப், 2 மணி நேரம். என் பொறுப்பில் 4 டேபிள், 8 பேர். முதல் ப்ராக்டிகல் தேர்வு ஆறாவது வாரத்தில். முதல் பாதி முழுக்கத் தொட்டறிதலும் லேண்ட்மார்க்கும் (அடையாள எலும்பு மேடுகள்), பிறகு முதுகுப்பகுதி டயக்னோசிஸ், அதன்பின் மசில் எனர்ஜி (நோயாளி தள்ள, நாம் எதிர்த்துப் பிடிக்கும் முறை), கவுன்டர்ஸ்ட்ரெயின் (வலிப்புள்ளி தளரும் நிலையில் உடம்பை வைத்திருக்கும் முறை). எச்.வி.எல்.ஏ. (மூட்டைச் சட்டென்று சின்ன தூரம் தள்ளும் த்ரஸ்ட் முறை) அடுத்த செமஸ்டரில்தான்.

கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, "தெரியுதா?" என்றால் எல்லோரும் "தெரியுது" என்கிறார்கள், நாம் கை வைத்துப் பார்த்தால் பாதிப் பேர் வேறு எலும்பில் இருக்கிறார்கள். இதைச் சரிசெய்ய என்ன பயிற்சி? இரண்டு, முதுகெலும்பு எந்தப் பக்கம் திரும்பி எந்தப் பக்கம் வளையும் என்று சொல்லும் ஃப்ரையெட் விதிகளை ஒப்பிக்கிறார்கள், ஆனால் டேபிளில் பெயரிடச் சொன்னால் தலைகீழாகச் சொல்கிறார்கள். மூன்று, மசில் எனர்ஜி செய்த பிறகும் எதுவும் மாறாமல் இருப்பது ஏன்? நான்கு, லெவல் 2 பி.இ. (டி.ஓ. உரிமத் தேர்வில் கைத்திறனைப் பார்த்த பகுதி) தேர்வே போய்விட்டது, இனி இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கிற மாணவனுக்கு என்ன பதில்?

——

விரல்நுனி:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் நீளமாகச் சொல்கிறேன். மற்ற மூன்றும் அதில்தான் நிற்கின்றன.

"தெரியுதா?" என்று கேட்பதையே நிறுத்துங்கள். 24 வயதுப் பிள்ளை ட்ரெய்னர் முன்னால் "தெரியவில்லை" என்று சொல்லாது. பதிலாக, சரிபார்க்கக்கூடிய கேள்வி கேளுங்கள்: "எந்த முள்ளெலும்பு? எந்தப் பக்கம் பின்னால் இருக்கிறது? தாளில் எழுது." இரண்டு பேர் ஒருவர் கண்டதை மற்றவர் பார்க்காமல் எழுதட்டும். பிறகு சீட்டுகளைப் பக்கத்தில் வையுங்கள். ஒத்துப்போகாத இடத்தில் நீங்கள் மூன்றாவது கை. மூன்று பேரும் ஒரே புள்ளியில் விரல் வைத்து, எவ்வளவு அழுத்தம், எந்தக் கோணம் என்று பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். இது வெறும் வகுப்புத் தந்திரம் இல்லை. கர்க்ஸ்வில் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் இடுப்பு முதுகெலும்பை வைத்துச் செய்து 2005இல் வெளியான ஆய்வு, இப்படிப் பேசி ஒத்துவரும் பயிற்சிக்குப் பிறகு பரிசோதகர்களுக்கு இடையிலான ஒற்றுமை கூடியதைக் காட்டியது.

முதல் வாரம் மனித உடம்பே வேண்டாம். ஒரு தலைமுடியை மேசைமேல் வைத்து நோட்டுத்தாள் ஒன்றால் மூடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு முடி எந்தத் திசையில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கட்டும். கண்டதும் இன்னொரு தாள், பிறகு இன்னொன்று. தாள் கூடக் கூட எல்லோரும் செய்யும் முதல் தவறு அழுத்தத்தைக் கூட்டுவது. அப்போது நகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் வெளுத்திருந்தால் விரலில் ரத்தம் இல்லை, உணர்வும் மங்கிவிட்டது. அழுத்தத்தைக் குறைத்து விரலை மெதுவாக நகர்த்தினால் முடி தட்டுப்படும். அந்த ஒரு அனுபவம் பத்து லெக்சருக்குச் சமம். விரல் நுனி அல்ல, நகத்துக்கு எதிர்ப்புறம் இருக்கிற சதைப்பற்றுதான் தொட வேண்டியது என்பதும் அங்கேயே புரிந்துவிடும்.

அடுத்து அடுக்குகள். முன்கையின் மேல் கை வைத்துத் தோலை மட்டும் நகர்த்து, பிறகு தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அடுக்கு, பிறகு தசையுறை, தசை, எலும்பு. ஒவ்வோர் அடுக்கிலும் 10 விநாடி நிற்கச் சொல்லுங்கள். நேரே எலும்புக்கு இறங்கிவிடுகிற பிள்ளைக்கு டி.ஏ.ஆர்.டி.யின் (தொட்டுத் தேட வேண்டிய நான்கு அறிகுறிகளின் சுருக்கம்) முதல் எழுத்தே, அதாவது திசுவின் தன்மை மாறியிருப்பது, கடைசிவரை கைக்கு வராது. மற்ற மூன்றும் (சமச்சீரின்மை, அசைவுக் குறைவு, தொட்டால் வலி) இருக்கின்றனவே என்று ஒப்பேற்றுவார்கள்.

லேண்ட்மார்க்குக்கு ஐப்ரோ பென்சில் வாங்கி வையுங்கள், 4 டேபிளுக்கு 4. பெயரில் எழுத்து பகுதியைச் சொல்லும், எண் வரிசையைச் சொல்லும்: சி கழுத்து, டி மார்பு முதுகு, எல் இடுப்பு முதுகு, எஸ் சாக்ரம் (இடுப்பின் பின்பக்க எலும்பு). தோளெலும்பு முகட்டின் உள்முனை இருக்கிற உயரம் டி3. தோளெலும்பின் கீழ்முனை டி7. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு எல்4. பி.எஸ்.ஐ.எஸ். (இடுப்பெலும்பின் பின்பக்க மேல்முனை) உயரம் எஸ்2. இந்த நான்கையும் முதலில் புள்ளி வைத்துவிட்டு, சி7இல் இருந்து கீழே எண்ணி வரட்டும். எண்ணிக்கை புள்ளியோடு பொருந்தாவிட்டால் எங்கேயோ ஒன்று விட்டிருக்கிறது அல்லது இரண்டு முறை எண்ணியிருக்கிறது. சி7ஐத் தவறவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். துருத்திக்கொண்டிருப்பது சி7 என்று நம்பிவிடுவார்கள். பலருக்கு டி1தான் அதிகம் துருத்தும். கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். சி6 முள் விரலுக்கு அடியில் முன்னால் நழுவிக் காணாமல் போகும், சி7 அப்படியே நிற்கும்.

இப்போது "வேறு எலும்பில் இருக்கிறார்கள்" என்ற உங்கள் குறைக்கு வருகிறேன். அதற்குப் பெரும்பாலும் மூன்றின் விதிதான் காரணம். டி1 முதல் டி3 வரை ஸ்பைனஸ் ப்ராசஸ் (பின்னால் நீளும் முள்) நுனி தன் ட்ரான்ஸ்வர்ஸ் ப்ராசஸ் (பக்கவாட்டில் நீளும் பகுதி) உயரத்திலேயே இருக்கும். டி4 முதல் டி6 வரை அரை நிலை கீழே. டி7 முதல் டி9 வரை ஒரு முழு நிலை கீழே. பிறகு திரும்பி வரும்: டி10 முழு நிலை, டி11 அரை நிலை, டி12 அதே உயரம். மாணவன் டி8 முள்ளைச் சரியாகக் கண்டுபிடித்து, அதே உயரத்தில் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைப்பான். அவன் கை இருப்பது டி9இன் ட்ரான்ஸ்வர்ஸ் ப்ராசஸில். பிறகு அவன் செய்யும் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தாலும் விடை தப்பு. ஒரு நிலை மேலே ஏறணும் என்று டேபிளிலேயே பென்சிலால் கோடு போட்டுக் காட்டுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. குப்புறப் படுத்தவர் தலையை ஒரு பக்கம் திருப்பியிருந்தால் மேல் முதுகு முழுக்கத் திரும்பிக் காட்டும். முகத்துளையில் முகம் நேராக இருக்க வேண்டும். டேபிள் தாழ்வாக இருந்தால் மாணவன் குனிகிறான், குனிந்தால் ஒரு கை அதிகம் அழுத்துகிறது, அழுத்தின பக்கம் "முன்னால்" போய்விடுகிறது. யார் ஆதிக்கக் கண் எது என்று முதல் லேபிலேயே பார்த்துவிடுங்கள்: இரண்டு கையாலும் ஒரு சின்ன முக்கோணத் துளை செய்து தூரத்துக் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு கண்ணை மூடினால் தெரியும். வலக்கண் ஆதிக்கம் உள்ளவர் தலைப்பக்கம் பார்த்து நிற்கும்போது நோயாளி தன் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும், அந்தக் கண் நடுக்கோட்டுக்கு அருகே வரும். அரை சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிற வேலை இது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஏமாறுவோம்.

கடைசியாக ஒன்று. ஆரோக்கியமான 23 வயதுக்காரர் முதுகில் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். "ஒன்றும் இல்லை" என்று எழுதிய சீட்டுக்கும் மதிப்பெண் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கு ஒன்று கற்பனை செய்து எழுதுவார்கள்.

——

டி6:

இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு என் பங்கு. ஒரே எடுத்துக்காட்டை இரண்டுக்கும் பயன்படுத்துகிறேன்.

ஃப்ரையெட் விதியை முதலில் சொல்லிக்கொடுப்பதே பிழை என்பது என் கட்சி. விதி சொன்னதும் கண்டதை எழுதாமல், விதிப்படி வரவேண்டியதை எழுதுகிறார்கள். முதலில் மூன்று நிலையில் தொட்டுப் பார்க்கட்டும். உட்கார்ந்தவரின் டி6 ட்ரான்ஸ்வர்ஸ் ப்ராசஸ் இரண்டின் மேலும் கட்டைவிரல்கள். நேராக இருக்கும்போது வலப்பக்கம் பின்னால் தள்ளியிருக்கிறது. அப்படியானால் ரொட்டேஷன் (திரும்பல்) வலம். பின்னால் வந்திருக்கும் பக்கம்தான் ரொட்டேஷனின் பெயர், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இப்போது முன்னால் குனியச் சொல்கிறோம்: கட்டைவிரல்கள் சமமாகின்றன. பின்னால் சாயச் சொல்கிறோம்: வலக் கட்டைவிரல் இன்னும் பின்னால் வருகிறது.

இங்கேதான் தலைகீழாகிறது. "குனிந்தால் சரியாகிறது, அப்படியானால் பிரச்சினை எக்ஸ்டென்ஷனில் (பின்னால் சாய்வதில்), அதனால் எக்ஸ்டென்டெட்" என்று எழுதுவார்கள். பெயர் வைப்பது எது சுலபமாகப் போகிறதோ அதை வைத்து. குனிவது சுலபம், அதனால் ஃப்ளெக்ஸ்டு. டி6, ஃப்ளெக்ஸ்டு, ரொட்டேட்டட் வலம், சைட்பென்ட் (பக்கவாட்டு வளைவு) வலம். ஒரே முள்ளெலும்பு, குனிந்தாலோ சாய்ந்தாலோ மாறுகிறது, ரொட்டேஷனும் சைட்பென்டிங்கும் ஒரே பக்கம்: ஃப்ரையெட் சொல்லும் இரண்டாம் வகை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புகள் சேர்ந்து, குனிந்தாலும் சாய்ந்தாலும் பெரிதாக மாறாமல், ரொட்டேஷன் ஒரு பக்கம், சைட்பென்டிங் எதிர்ப்பக்கம் என்றால் முதல் வகை. இந்த இரண்டும் மார்பு, இடுப்பு முதுகெலும்புகளுக்கு மட்டும். கழுத்துக்கு வந்ததும் இதையே ஒட்டுவார்கள், அப்போதே தடுத்துவிடுங்கள்: சி2 முதல் சி7 வரை எப்போதும் ஒரே பக்கம், ஓ.ஏ. மூட்டில் (மண்டையோடும் சி1உம் சேருமிடம்) எதிரெதிர், ஏ.ஏ. மூட்டில் (சி1உம் சி2உம் சேருமிடம்) பெரும்பாலும் ரொட்டேஷன்தான்.

இப்போது அதே டி6க்கு மசில் எனர்ஜி. ஃப்ரெட் மிட்செல் வகுத்த முறை. சுலபமாகப் போகிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், அதாவது தடைக்கு (அசைவு எதிர்க்கத் தொடங்கும் எல்லைக்கு) கொண்டுபோக வேண்டும்: எக்ஸ்டென்ஷன், ரொட்டேஷன் இடம், சைட்பென்டிங் இடம். நோயாளி உட்கார்ந்திருக்க, நீங்கள் அவருக்கு இடப்பக்கம் பின்னால். உங்கள் இடக்கை அவர் மார்புக்குக் குறுக்கே போய் வலத்தோளைப் பிடிக்கிறது, உங்கள் அக்குள் அவர் இடத்தோள் மேல். வலக்கை விரல் டி6 மேலேயே. அக்குளால் இடத்தோளைக் கொஞ்சம் அழுத்தினால் இடப்பக்கம் சைட்பென்டிங். வலத்தோளை முன்னால் கொண்டுவந்தால் இடப்பக்கம் ரொட்டேஷன். ஒவ்வொரு அசைவும் கண்காணிக்கிற விரலுக்கு வந்து சேரும் கணத்தில் நிறுத்த வேண்டும். பிறகு "என் கைக்கு எதிராக வலப்பக்கம் மெதுவாகத் திரும்புங்கள்" என்று சொல்லி 3 முதல் 5 விநாடி அசையவிடாமல் பிடித்திருங்கள். விடச்சொல்லி, ஓரிரு விநாடி காத்திருந்து, புதிய தடைக்குப் போங்கள். இப்படி 3 முதல் 5 முறை. கடைசியில் மறுபடி தொட்டுப் பாருங்கள்.

எதுவும் மாறாததற்குக் காரணங்களை அடிக்கடி நிகழும் வரிசையில் சொன்னால்: கண்காணிக்கிற விரல் எலும்பை விட்டு நழுவியிருக்கும், அசைவு டி6க்கு வந்ததா டி9க்குப் போய்விட்டதா என்று தெரியாது. தடையைத் தாண்டிப்போய் எல்லா மூட்டையும் பூட்டிவிட்டிருப்பார்கள். முதல் எதிர்ப்பு தட்டுப்படும் இடத்திலேயே நிற்க வேண்டும், முட்டும் இடத்தில் அல்ல. நோயாளி முழு பலத்தோடு தள்ளியிருப்பார். அப்போது பெரிய தசைகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும், முள்ளெலும்பை ஒட்டிய சின்னத் தசைக்கு வேலையே வராது. ஒரு விரலால் தள்ளுகிற அளவு போதும். தளர்வதற்கு முன்பே மாணவன் அடுத்த தடைக்கு இழுத்திருப்பான். இல்லாவிட்டால், எல்லாம் சரியாகச் செய்தும் புதிய தடைக்குப் போகாமல் அதே இடத்திலேயே ஐந்து முறை செய்திருப்பான். இது சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு டேபிளிலும் நடக்கும்.

வாய்ச்சொல்லும் முக்கியம். "இடப்பக்கம்" என்றால் யாருடைய இடப்பக்கம் என்று இரண்டு பேரும் குழம்புவார்கள். திசை சொல்லாமல் தோளைத் தொட்டு, "இந்தக் கையை மெல்லத் தள்ளுங்க" என்று சொல்லப் பழக்குங்கள்.

——

எட்டாவதுடேபிள்:

இரண்டு பேருக்கும் நன்றி. மூன்றின் விதிதான் காரணம் என்று தோன்றவே இல்லை. ஒரு துணைக்கேள்வி: ஸ்டாண்டிங் ஃப்ளெக்ஷன் டெஸ்டில் (நிற்பவரைக் குனியவைத்து இடுப்பெலும்பின் அசைவைப் பார்க்கும் சோதனை) ஒரே ஆளுக்கு ஒருவர் வலம் பாசிட்டிவ், இன்னொருவர் இடம் பாசிட்டிவ் என்கிறார்கள். இதில் எதை நம்புவது?

——

விரல்நுனி:

தம்பி, முதலில் கட்டைவிரலைப் பாருங்கள். பி.எஸ்.ஐ.எஸ்.ஸின் மேல் வைத்தால் தோல் மட்டும்தான் நகரும். கீழே இருந்து மேல்நோக்கிக் கொக்கிபோல் மாட்ட வேண்டும். பாதங்கள் இடுப்பகலத்தில், முழங்கால் மடங்காமல். மெதுவாகக் குனியச் சொல்லி, எந்தக் கட்டைவிரல் கடைசியில் அதிகத் தூரம் மேலே போகிறது என்று பாருங்கள், அதுவே பாசிட்டிவ் பக்கம். வேகமாகக் குனிந்தால் எதுவும் தெரியாது.

அடுத்து ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்பக்கத் தசை). ஒரு பக்க ஹாம்ஸ்ட்ரிங் இறுக்கமாக இருந்தால் அந்தப் பக்க இடுப்பெலும்பைப் பிடித்து இழுத்துவைக்கும். அதனால் அதே பக்கம் பாசிட்டிவாக இருக்கவேண்டியது நெகட்டிவாகக் காட்டலாம், எதிர்ப்பக்கம் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். சந்தேகம் வந்தால் படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கி இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள், பிறகு உட்காரவைத்துக் குனியச் சொல்லுங்கள். உட்கார்ந்தால் கால் கணக்கில் இருந்து போய்விடும், அது சாக்ரம் பக்கப் பிரச்சினையைக் காட்டும்.

இந்தச் சோதனை பக்கத்தை மட்டும்தான் சொல்லும், நோயைச் சொல்லாது என்றும் எழுதிவையுங்கள். வலம் பாசிட்டிவ், வல ஏ.எஸ்.ஐ.எஸ். (இடுப்பெலும்பின் முன்பக்க மேல்முனை) மேலே, வல பி.எஸ்.ஐ.எஸ். கீழே இருந்தால்தான் "வலப் பக்கம் போஸ்டீரியர் ரொட்டேஷன்" என்று பெயர் வைக்க முடியும். ஒரே சோதனையில் பெயர் எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

——

தொண்ணூறுவிநாடி:

கவுன்டர்ஸ்ட்ரெயின் பற்றி யாரும் சொல்லவில்லையே. ப்ராக்டிகலில் சுலபம் என்று நினைத்து அதிகம் கோட்டை விடுவது இதில்தான்.

லாரன்ஸ் ஜோன்ஸ் 1955இல் கண்டுகொண்ட முறை. வலிக்கிற புள்ளியைக் கண்டு, அந்த வலியை 10 என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, உடம்பை வைக்கும் நிலையை மாற்றி மாற்றி அது 3க்குக் கீழே வரவைக்க வேண்டும். 90 விநாடி அப்படியே. விலா எலும்புப் புள்ளிகளுக்கு 120 விநாடி. பிறகு மிக மெதுவாகப் பழைய நிலைக்கு. மறுபடி அதே புள்ளியை அழுத்திப் பார்க்க வேண்டும்.

நடப்பது என்ன? முதலில், 90 விநாடியும் புள்ளியைக் குத்திக்கொண்டே இருப்பார்கள். விரல் அங்கேயே இருக்கணும், ஆனால் அழுத்தம் எடுத்துவிட வேண்டும். நிலையைச் சரிபார்க்கும்போது மட்டும் அழுத்தலாம். விரலையே எடுத்துவிட்டால் அதே புள்ளியைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது, அப்போது "வலி போச்சா?" என்பதற்கே பொருள் இல்லை. இரண்டாவது, பெரிய அசைவிலேயே 10இல் இருந்து 5க்கு வந்ததும் போதும் என்று விட்டுவிடுவார்கள். நுணுக்கித் திருப்புவதில்தான் மீதி வலி போகும். மூன்றாவது, 90 விநாடி முடிந்த சந்தோஷத்தில் காலை டொப்பென்று இறக்கிவிடுவார்கள். தசை மறுபடி இறுகிக்கொள்ளும், செய்ததெல்லாம் வீண்.

லேபுக்கு நல்ல புள்ளி: எல்5 கீழ்முனைப் புள்ளி, பி.எஸ்.ஐ.எஸ்.ஸுக்குச் சற்றுக் கீழே. நோயாளி குப்புற, அந்தப் பக்கக் கால் டேபிளுக்கு வெளியே தொங்க, இடுப்பு 90 பாகை மடங்கி, முழங்காலைக் கொஞ்சம் உள்பக்கம் தள்ளி, தொடையை லேசாக உள்ளே திருப்பி. அரை அங்குலம் நகர்த்தினாலே எண் 6இல் இருந்து 2க்கு இறங்குவதை மாணவன் கண்ணாலேயே பார்ப்பான். நுணுக்குவது என்றால் என்ன என்று வாயால் விளக்க வேண்டியதில்லை. காலின் எடையை உங்கள் தொடையில் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 60ஆவது விநாடியில் கை நடுங்கும்.

——

சந்தேகராமன்:

ஒரு குறுக்கீடு. நான் டி.ஓ. இல்லை, எம்.டி. பக்கம். தொட்டுப் பார்ப்பதில் இரண்டு பேர் ஒத்துப்போவதே அரிது என்றால் இதன்மேல் ஒரு பாடத்திட்டத்தையே கட்டுவது சரிதானா? மண்டையோட்டு அசைவைக் கையால் உணர்வது என்பதையெல்லாம் இன்னும் தேர்வில் கேட்கிறார்களாமே.

——

வார்டுரவுண்டு:

சந்தேகராமன் சார், நியாயமான கேள்வி. மண்டையோட்டு முறை பற்றி என் கருத்தும் உங்கள் கருத்துக்குத் தூரம் இல்லை. அந்தத் துடிப்பை எண்ணச் சொன்னால் இரண்டு பரிசோதகர்கள் ஒத்துவருவதில்லை. தேர்வில் கேட்பார்கள், படித்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் நிலை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் சோதனைகளில் ஒற்றுமை குறைவு, வலி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளில் நன்றாக இருக்கிறது. அதனால் மாணவனுக்கு "சமச்சீரின்மை மட்டும் வைத்துச் சிகிச்சை செய்யாதே, அதோடு திசு மாற்றமோ வலியோ இருக்கட்டும்" என்று சொல்லிக்கொடுக்கலாம்.

சிகிச்சைப் பலனிலும் அப்படித்தான். இடுப்புவலிக்கு முதுகெலும்பு மேனிப்புலேஷன், மருந்துக்கு முன் முயலத்தக்க வழிகளில் ஒன்று என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதலில் இடம்பெற்றிருக்கிறது, ஆதாரத்தின் தரம் குறைவு என்ற குறிப்போடு. முதியோர் நிமோனியாவுக்கு 406 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியான பல மருத்துவமனை ஆய்வில், சேர்க்கப்பட்ட எல்லோரையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் இல்லை. நெறிமுறையை முழுக்கப் பின்பற்றியவர்களை மட்டும் எடுத்தால் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஓ.எம்.டி. (கையால் செய்யும் ஆஸ்டியோபதிக் சிகிச்சை) பெற்றவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வெறுமனே லேசாகத் தொட்ட குழு இரண்டுக்கும் நடுவில் நின்றது. இந்த மூன்றையும் சேர்த்தே மாணவனிடம் சொல்லணும். பாதியைச் சொன்னால் நம்மையும் ஏமாற்றிக்கொள்கிறோம்.

இப்போது நான்காவது கேள்வி. லெவல் 2 பி.இ.யில் 12 நடிப்பு நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் 14 நிமிடம், குறிப்பு எழுத 9 நிமிடம். கோவிட் காரணமாக 2020இல் நிறுத்தினார்கள், 2022இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். "தேர்வே போச்சு" என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்: முன்பு வெளியாள் பார்த்தான், இப்போது இந்த மாணவனுக்குக் கைத்திறன் இருக்கிறது என்று கல்லூரியே சான்று சொல்ல வேண்டும். அதாவது உங்கள் லேப் ப்ராக்டிகலின் எடை கூடியிருக்கிறது.

ப்ராக்டிகலில் மதிப்பெண் போவது எங்கே என்று பார்த்தால் கை வித்தையில் இல்லை. கை கழுவாமல் தொடுவது, அனுமதி கேட்காமல் தொடுவது, சிகிச்சைக்குப் பின் மறுபடி சோதிக்காமல் "முடிந்தது" என்பது. மூன்றாவதுதான் அதிகம். மறுசோதனை இல்லாவிட்டால் எதை மாற்றினோம் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாம் ஆண்டு ரொட்டேஷனுக்கு வந்ததும் இன்னொன்று வெளிப்படும்: செய்யத் தெரிந்தும் எழுதத் தெரியாது. குறிப்பில் "ஓ.எம்.டி. செய்யப்பட்டது" என்று ஒரு வரி. எந்தப் பகுதி, என்ன கண்டது, எந்த முறை, எப்படித் தாங்கினார், பிறகு என்ன மாறியது என்று ஐந்தும் வேண்டும். பில்லிங் எண் பகுதிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான்: 1, 2 பகுதிக்கு 98925, 3, 4க்கு 98926, 5, 6க்கு 98927, 7, 8க்கு 98928, 9, 10க்கு 98929. நோய்க்குறியீடு எம்99.0 வரிசை: கழுத்து எம்99.01, மார்பு முதுகு 02, இடுப்பு முதுகு 03, சாக்ரம் 04, விலா 08. கண்டறிந்த பகுதியும் சிகிச்சை செய்த பகுதியும் குறிப்பில் பொருந்தாவிட்டால் இன்ஷூரன்ஸ் திருப்பி அனுப்பும். முதலாண்டிலேயே ஒவ்வொரு லேப் முடிவிலும் 5 நிமிடம் ஒதுக்கி ஒரு பத்தி எழுதவையுங்கள்.

படுக்கையோரத்தில் உடனே பயன்படுவது என்றால் ரிப் ரெய்சிங். நோயாளியை எழுப்பவே வேண்டாம். மல்லாந்து படுத்திருப்பவரின் முதுகுக்கு அடியில் கைகளை விட்டு, விலா எலும்பு வளைகிற இடத்தில் விரல்களைப் பதித்து, முன்கையை நெம்புகோலாக்கி மேலே தூக்கி வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். சிம்பதெடிக் நரம்புச் சங்கிலி விலாத் தலைகளுக்கு முன்னால்தான் போகிறது என்பதால் இதற்கு ஓர் உடற்கூறியல் காரணமும் சொல்கிறார்கள். விலா முறிவு, சமீபத்திய முதுகெலும்பு அறுவை இருந்தால் தொடக்கூடாது.

பின்குறிப்பு: ஊரில் உறவினர் "எலும்பு டாக்டரா?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்றால் மருத்துவர் அல்ல, அமெரிக்காவில் டி.ஓ. என்றால் எம்.டி.க்குள்ள எல்லா உரிமையும் உண்டு, 2020 ஜூன் முதல் ரெசிடென்சியும் ஒரே அங்கீகாரத்தின் கீழ். அந்தக் குழப்பம் நாம் உண்டாக்கியது அல்ல.

——

மூன்றாம்விலா:

எச்.வி.எல்.ஏ. அடுத்த செமஸ்டர் என்றாலும் இப்போதே ஒரு வேலை இருக்கிறது, தம்பி. யாரும் சொல்லாமல் வீட்டில் வீடியோ பார்த்து அறையில் நண்பன் கழுத்தை முறுக்கிப் பார்ப்பார்கள். முதல் லேபிலேயே தடை போடுங்கள்: ஃபேக்கல்டி பக்கத்தில் இல்லாமல் த்ரஸ்ட் கிடையாது. கழுத்தில் பின்னால் சாய்த்துத் திருப்புவது ஒருபோதும் கிடையாது, முதுகெலும்புத் தமனிக்கு அதுதான் ஆபத்தான நிலை.

லேபில் படுக்கிறவரும் நோயாளிதான். செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு படிவம் வாங்குங்கள்: முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் (இரண்டிலும் ஏ.ஏ. மூட்டின் தசைநார் தளர்ந்திருக்கலாம்), எலும்பு அடர்த்திக் குறைவு (ஆஸ்டியோபோரோசிஸ்), பழைய முறிவு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து, கர்ப்பம், சமீபத்திய கார் விபத்து. படிவத்தைப் பூட்டி வையுங்கள், டேபிளில் எல்லோர் முன்னும் படிக்காதீர்கள். ஆமாம் என்று ஒன்று இருந்தாலும் அவருக்கு த்ரஸ்ட் இல்லை, மசில் எனர்ஜியோ கவுன்டர்ஸ்ட்ரெயினோ போதும்.

உடை விஷயம். முதுகு திறந்த கவுன், ஷார்ட்ஸ், பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் ப்ரா என்று எழுதியிருப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் இன்னும் சிலரும் கூச்சப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் அந்த லேபுக்கே வரமாட்டார்கள். துணைக்கு இன்னொரு பெண், திரைபோட்ட டேபிள், அல்லது மெல்லிய டிசர்ட்டோடு செய்வது என்று மூன்று வழியையும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். கேட்டபிறகு தருவதைவிடக் கேட்கும் முன் தருவது நல்லது. அடுத்து எங்கே கை வைக்கப்போகிறோம் என்று வாயால் சொல்லிவிட்டு வைப்பது எல்லோருக்கும் கட்டாயம், பி.எஸ்.ஐ.எஸ்.ஸும் ப்யூபிக் எலும்பும் தொடும் வாரத்தில் இரட்டிப்புக் கட்டாயம்.

த்ரஸ்ட் பழக்கும்போது "டக்" சத்தத்துக்கு அவர்கள் கைதட்டத் தொடங்கினால் நிறுத்துங்கள். சத்தம் எந்த மூட்டில் இருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. சத்தம் வராமலும் அசைவு திரும்பியிருக்கலாம். எதிர்பார்க்க வேண்டிய தவறுகள் இரண்டே: தடையில் நின்றுவிட்டு, தள்ளுவதற்குச் சற்றுமுன் கையைப் பின்வாங்கி ஓங்குவது, மூச்சு உள்ளே போகும்போது தள்ளுவது. பின்வாங்கியதும் தடை கை நழுவிவிடும், பிறகு பலத்தால் ஈடுகட்டப் பார்ப்பார்கள், அங்கேதான் விலா எலும்பு மாட்டும். வெளிமூச்சு முடியும் தறுவாயில், தடையை விடாமல், சின்ன தூரம்.

டேபிள் உயரத்தை விரல்நுனி அண்ணா சொல்லிவிட்டார். த்ரஸ்டுக்கு மட்டும் அதைவிடக் கொஞ்சம் தாழ்த்துங்கள், முழங்கைக்குப் பதில் உடல் எடை வேலை செய்யட்டும்.

——

எட்டாவதுடேபிள்:

எல்லோருக்கும் நன்றி. படிவமும் மின்னஞ்சலும் இந்த வாரமே எழுதிவிடுகிறேன். முதல் லேபின் திட்டம் இப்படி: 20 நிமிடம் முடியும் தாளும், 20 நிமிடம் முன்கையில் அடுக்குகள், 10 நிமிடம் ஆதிக்கக் கண்ணும் டேபிள் உயரமும், மீதி நேரம் பென்சில் புள்ளிகளும் சீட்டும். முள்ளெலும்பு டயக்னோசிஸ் மூன்றாவது வாரம்வரை இல்லை. ஃப்ரையெட்டை நான்காவது வாரத்துக்குத் தள்ளலாமா என்று ஃபேக்கல்டியிடம் கேட்கிறேன்.

——

டி6:

கேளுங்கள். லெக்சர் அட்டவணையை மாற்றமாட்டோம் என்று சொன்னால், லேபில் மட்டுமாவது "முதல் வகை, இரண்டாம் வகை" என்ற சொல்லை நான்காவது வாரம்வரை யாரும் வாயெடுக்கக் கூடாது என்று உங்கள் 4 டேபிளுக்கும் விதி போடுங்கள். சீட்டில் மூன்றே கட்டம்: நேராக, குனிந்து, சாய்ந்து. ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் பின்னால் என்று மட்டும் எழுதட்டும். பென்சிலை மறக்காமல் கூர்தீட்டி வையுங்கள், மொட்டைப் பென்சில் புள்ளி ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும்.